எண்பது சதவீதம், எதில்?

என் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு சதவீதத்தைக் காட்டினால் போதும், அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். எதில் 80, யாருக்கு 80, எத்தனைக்கு 80 என்று கேட்பவன் மீட்டிங்கை இழுத்தடிக்கிறவன் ஆகிவிடுவான். இந்தப் பழக்கம் ஆபீஸுக்குள் இருக்கும்வரை நஷ்டம் கம்பெனிக்குத்தான். ஆனால் இப்போது அது சூரியன்வரை போய்விட்டது.

2020ல் பிராண்டன் பனோஸும் லூசியா க்ளைன்டும் ‘ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சூரியனில் சோலார் ஃப்ளேர் (இனி சுடர்வெடிப்பு என்கிறேன், நம் நாளிதழ்கள் எல்லாவற்றையும் ‘சூரியப் புயல்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவதை ஏற்க முடியாது) கிளம்புவதற்குச் சுமார் 35 நிமிடம் முன்பே, அந்த இடத்தின் நிறமாலையை மட்டும் பார்த்து, இங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு நியூரல் நெட்வொர்க்கால் சொல்ல முடிந்தது. துல்லியம் 80 சதவீதம். வெடிப்பை நெருங்க நெருங்க அது 90 வரை ஏறுகிறது. நல்ல ஆய்வு. அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் சண்டையெல்லாம் ‘ஏஐ சூரியனைக் கணித்துவிட்டது’ என்று அதை எடுத்து வாசிக்கிற நம் கூட்டத்தோடுதான். அந்த ஆய்வின் உண்மையான பெருமை எங்கே இருக்கிறதோ, அங்கே இவர்கள் பார்ப்பதே இல்லை.

முதலில், 35 நிமிடம் எதற்கு?

சூரிய ஒளி பூமிக்கு வர எட்டு நிமிடம் சொச்சம் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சுடர்வெடிப்பின் எக்ஸ் கதிர்களும் அதே எட்டு நிமிடத்தில் வருகின்றன. அதாவது வெடிப்பை நாம் பார்க்கும் கணமும் அது நம்மைத் தாக்கும் கணமும் ஒன்றே. புயலென்றால் வங்காள விரிகுடாவில் மையம் கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்துக் கரையில் காத்திருக்கலாம். இதில் அந்த வசதி கிடையாது. வந்த பிறகுதான் வந்தது தெரியும்.

2017 செப்டம்பர் 6, நண்பகல் 12 மணி அளவில், உலக நேரப்படி, எக்ஸ் 9.3 அளவுள்ள ஒரு சுடர்வெடிப்பு. அந்த சூரியச் சுழற்சியிலேயே பெரியது. அதே நாளில் கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி துவைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மீட்புப் பணிக்கு சிற்றலை ரேடியோவைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த ரேடியோ அலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தொலைவுக்குப் போகும். எக்ஸ் கதிர் வந்து அந்த மண்டலத்தின் அடித்தட்டை அயனியாக்கிவிட்டால், அலை மேலே போய்த் திரும்பாது; வழியிலேயே உறிஞ்சப்படும். ரேடியோ ஊமையாகிவிட்டது. பிரேசில், பிரெஞ்சு கயானா கரையோரம் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்துடன் சுமார் 90 நிமிடம் சிற்றலைத் தொடர்பு இல்லாமல் போனது. ஒன்றும் ஆகவில்லை, விமானம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 90 நிமிடமும் தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியாது.

அவருக்கு 35 நிமிட முன்னறிவிப்பு கிடைத்திருந்தால் நல்லதுதானே? நல்லதுதான். அதனால்தான் கேட்கிறேன், அந்த 80 எதில்?

பனோஸ்–க்ளைன்ட் ஆய்வில் மூன்று எண்கள் உண்டு. ஒட்டுமொத்தத் துல்லியம் 80. உண்மையில் வெடிக்கப்போகிறவற்றில் எத்தனையைப் பிடித்தது என்பது 80. ‘வெடிக்கும்’ என்று சொன்னதில் எத்தனை சரி என்பதும் 80. மூன்றும் ஒன்றாக இருப்பது பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஒரு காகிதம் எடுங்கள். 1000 நிறமாலைகள் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் துல்லியம் என்றால் மொத்தத் தவறு 200. பிடிக்கத் தவறியதும், பொய்யாக அலறியதும் சம எண்ணிக்கையில் இருந்தால்தான் பின்னிரண்டு எண்களும் சமமாக இருக்கும். ஆக நூறு தவறவிட்டது, நூறு பொய் அலறல். தவறவிட்ட நூறு என்பது வெடிக்கப்போகும் மொத்தத்தில் 20 சதவீதம். அப்படியானால் வெடிக்கப்போகும் மொத்தம் 500. ஆயிரத்தில் ஐநூறு, சரிபாதி.

சூரியன் அப்படி இல்லை. ஏதோ ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தை, ஏதோ ஓர் அரைமணி நேரத்தில் பார்த்தால், அது பெரிதாக வெடிக்கும் வாய்ப்பு இரண்டுக்கு ஒன்று என்றால் நாம் யாரும் இங்கே உட்கார்ந்து கட்டுரை படித்துக்கொண்டிருக்க மாட்டோம். பேச்சுக்கு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடலை, அதே திறமையோடு, அங்கே கொண்டுபோய் வையுங்கள். பத்தாயிரம் அரைமணிகளில் 100 நிஜ வெடிப்பு; 80ஐப் பிடிக்கும். மீதி 9900ல் 20 சதவீதம், அதாவது 1980 முறை, சும்மாவே கத்தும். மொத்தம் 2060 அலறல்; அதில் 80 நிஜம். நூறு முறை ‘புலி வருது’ என்றால் நான்கு முறைதான் புலி. மாடலும் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை. 80 என்று ஆரம்பித்தது 4 ஆகிவிட்டது.

இதில் ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. வெடிக்கப்போகும் இடத்தின் நிறமாலையும் வெடிக்காத இடத்தின் நிறமாலையும் வித்தியாசப்படுகின்றனவா? அந்தக் கேள்விக்குச் சரிபாதி எடுப்பதுதான் முறை. காந்தப்புல வரைபடங்களோடு நிறமாலையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்ற அளவில்தான் அவர்கள் முடிக்கிறார்கள். ‘ஏஐ கணித்துவிட்டது’ என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னது நாம்.

இது புது நோயும் அல்ல. 1884ல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் ஜான் ஃபின்லி என்பவர் சுழற்காற்றுகளை முன்கூட்டியே சொல்ல முயன்றார். மொத்தம் 2803 கணிப்புகள், 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். கில்பர்ட் என்ற நிலவியலாளர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். ஃபின்லி 100 முறை ‘சுழற்காற்று வரும்’ என்றார். வந்தது 28 முறை. எப்போதுமே ‘வராது, வராது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். ஒன்றுமே செய்யாத சோம்பேறியிடம் ஃபின்லி தோற்றுவிட்டார். நூற்று நாற்பது வருடம் ஆகிறது. இன்றும் எங்கள் பிரசன்டேஷன்களில் முதல் ஸ்லைடில் துல்லியச் சதவீதம்தான் இருக்கிறது.

அலாரம் பற்றி எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் கோளாறுகளை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் ஒரு மாடல் வைத்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும். எழுந்து லேப்டாப்பைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. மூன்றே கால், மறுபடி. மூன்றாவது வாரம் மேலிடமே அதை ம்யூட் பண்ணச் சொல்லிவிட்டது. பிறகு ஒருநாள் டேட்டாபேஸ் நிஜமாகவே விழுந்தது. பதிவுகளைத் தோண்டிப் பார்த்தால், அலாரம் பதினெட்டு நிமிடம் முன்பே மிகச் சரியாக அடித்திருக்கிறது. கேட்க ஆளில்லை. விமானப் போக்குவரத்து அறையில் நூற்றுக்கு 96 முறை பொய் சொல்லும் ஒரு பெட்டியை வைத்தால், அதை எத்தனை நாள் ஆனில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

‘அதற்குத்தான் வேறு மதிப்பெண் முறை இருக்கிறதே’ என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இருக்கிறது. பிடித்த விகிதத்திலிருந்து பொய் அலறல் விகிதத்தைக் கழிப்பது. 2015ல் மோனிகா போப்ராவும் செபாஸ்டியன் கூவிடாவும் காந்தப்புலத் தரவை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வு முதல் இந்தத் துறையில் அதுதான் நாணயமான அளவுகோல். நூற்றில் ஒன்றானாலும் இரண்டில் ஒன்றானாலும் அந்த எண் மாறாது. இரண்டு ஆய்வுகளை ஒப்பிட அது நல்லது. ஆனால் மாறாது என்பதே அதன் குறையும்கூட. நம் கற்பனை மாடலுக்கு அந்த மதிப்பெண் 0.6. நூறு அலறலில் நான்குதான் நிஜம் என்பது அந்த 0.6க்குள் எங்கே தெரிகிறது?

பார்ன்ஸ், லேகா முதலானோர் 2016ல் பல கணிப்பு முறைகளை ஒரே தரவில் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். நடுத்தர, பெரிய வெடிப்புகளைப் பொறுத்தவரை எந்த முறையும் ‘இத்தனை நாளில் சராசரியாக இத்தனை வெடிக்கும்’ என்ற வெறும் சராசரிக் கணிப்பைவிடக் குறிப்பிடும்படி மேலானது அல்ல என்று வந்தது. அதற்குப் பிறகு மாடல்கள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. தின்னக் கொடுப்பதோ பெரும்பாலும் அதே காந்தப்புல வரைபடம்.

நிறமாலை ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். அது மாடலை மாற்றவில்லை, பார்க்கும் பொருளை மாற்றியது.

ஐரிஸ் என்பது 2013 ஜூனில் நாசா ஏவிய சிறிய விண்கலம். தொலைநோக்கியின் விட்டம் 20 சென்டிமீட்டருக்குள்தான். அது பார்ப்பது புற ஊதாவில், 2796, 2803 ஆங்ஸ்ட்ராம் அருகே மெக்னீசியம் அயனி விடும் இரண்டு கோடுகள். கே, ஹெச் என்று பெயர். (ஃபின்லியின் 2803ம் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல், ஜோதிடக்காரர்கள் தள்ளி நிற்கவும்.) ஓசோன் இந்த ஒளியைத் தின்றுவிடுவதால் தரையிலிருந்து பார்க்க முடியாது. இதன் தரைவழி உறவுக்காரர் கால்சியத்தின் கே கோடு. அதில்தான் கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் நூறு வருடம்போலச் சூரியனைப் படமெடுத்தது. அதே மலையில் 1909ல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைப் பார்த்து, அங்கே வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். கோடு நகர்ந்தால் பொருள் நகர்கிறது. நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம், விலகினால் சிவப்புப் பக்கம். படம் சொல்லாததைக் கோடு சொல்லும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மெக்னீசியம் கோடுகள் உருவாவது நிறமண்டலத்தில். காந்தப்புலத்தை நாம் அளப்பது அதற்குக் கீழே, ஒளிமண்டலத்தில். வெடிப்புக்கான ஆற்றல் சேர்ந்திருப்பது அதற்கு மேலே, கொரோனாவில். கீழ்வீட்டில் நின்றுகொண்டு மாடியில் என்ன சண்டை என்று யூகிக்கும் வேலையைத்தான் காந்தப்புல மாடல்கள் இத்தனை நாள் செய்தன. மெக்னீசியம், படிக்கட்டில் நிற்கும் ஆள்.

அமைதியான நேரத்தில் இந்தக் கோடு இரண்டு திமிலுள்ள ஒட்டகம் மாதிரி இருக்கும். இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். நடுப்பகுதி ஒளி அந்த அடுக்கின் உச்சியிலிருந்து தப்பி வருவது. அங்கே அடர்த்தி குறைந்து, ஒளி விடும் திறனும் விழுந்துவிடுவதால் பள்ளம். வெடிப்பின்போது அடர்த்தியும் வெப்பமும் ஏற, பள்ளம் தூர்ந்து ஒற்றைத் திமில் ஆகிவிடும். இரண்டு பெரிய கோடுகளுக்கும் நடுவே, 2798.8 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில், இன்னொரு சின்ன மெக்னீசியக் கோடு உண்டு. சாதாரணமாக அது ஒரு சின்னப் பள்ளம், யாரும் கண்டுகொள்வதில்லை. நிறமண்டலத்தின் அடித்தட்டு சூடேறினால் மட்டும் அது மேடாகும்.

2020 ஆய்வில் எந்த அம்சம் கணிப்புக்கு அதிகம் உதவியது என்று வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் வந்தது பெரிய கோடுகளின் பிரகாசம் அல்ல, இந்தச் சின்னக் கோட்டின் ஒளிர்வு.

அந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 80 சதவீதம் என்று படித்தபோது ஒன்றும் ஆகவில்லை. பெரிதாக வெடிப்பதற்கு அரைமணி முன்பே அடித்தட்டில் ஏதோ சூடேறிக்கொண்டிருக்கிறது. ஏன்? மேலே காந்தக் கோடுகள் சிறுகச் சிறுக அறுந்து ஒட்டுகின்றனவா? அந்த ஆற்றல் எப்படி அவ்வளவு கீழே இறங்குகிறது? இயற்பியலாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. அதை ஓர் இயந்திரம் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறது.

அதே அணி 2023ல் இன்னொரு படி போனது. மாடல் ஒரு நிறமாலையைப் பார்த்து ‘வெடிக்கும்’ என்று சொல்லும்போது எந்த அலைநீளத்தைப் பார்த்துச் சொல்கிறது என்று வண்ணமிட்டுக் காட்டவைத்தார்கள். மறுபடி அந்தச் சின்னக் கோடு, ஓட்டங்கள், அகன்று ஒருபக்கம் சாய்ந்த வடிவங்கள். பிரகாசத்துக்கும் கணிப்பு மதிப்பெண்ணுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மங்கலான நிறமாலைகூட முக்கியமான சேதியை வைத்திருக்கலாம். மனிதக் கண் முதலில் பிரகாசமான இடத்துக்குத்தான் ஓடும். பிறகு எங்கே வெடிப்பின் உச்ச ஒளி வந்ததோ, 78 சதவீதச் சமயங்களில் மாடலின் கவனம் முன்பே அந்த இடத்தில்தான் நின்றிருந்தது. இந்தச் சதவீதத்தை நான் மதிக்கிறேன். எதில் 78 என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இதையெல்லாம் எங்கள் ஆட்களிடம் கொடுத்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? டவுன்லோடு செய்து, நிறமாலைகளைக் குலுக்கி, சீட்டுக்கட்டுபோல 80–20 என்று பிரித்து, பயிற்சி கொடுத்து, 99 வந்துவிட்டது என்று போஸ்ட் போடுவார்கள். ஒரே வெடிப்பின் அடுத்தடுத்த சில விநாடிகளில் எடுத்த நிறமாலைகள் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் பயிற்சியிலும் மற்றொன்றைத் தேர்விலும் வைப்பது, பப்ளிக் எக்ஸாம் கேள்வித்தாளை முந்தைய நாள் ட்யூஷனில் கொடுப்பதுபோல. வெடிப்பு வாரியாகத்தான் பிரிக்கவேண்டும். இது இந்தத் துறை இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட விஷயம். இன்னொன்று: வெடிப்பை அளவு பார்த்து சி, எம், எக்ஸ் என்று வகுக்கிறோம், சி 9.9 என்றால் ‘இல்லை’, எம் 1.0 என்றால் ‘ஆம்’ என்று லேபிள் ஒட்டுகிறோம். சூரியனுக்கு அந்தக் கோடு தெரியாது. மாடலுக்கு மட்டும் அது வேதம்.

இதைவிடப் பெரிய சங்கடம் கருவியில் இருக்கிறது. கோடு எழுதுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. ஐரிஸ் நிறமாலை எடுப்பது ஒரு மெல்லிய பிளவு வழியாக. சூரியப் பரப்பில் கணக்கிட்டால் அதன் நீளம் ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர், அகலம் வெறும் 240 கிலோமீட்டர். சூரியனின் விட்டமோ 14 லட்சம் கிலோமீட்டர். கதவிடுக்கு வழியாகத் தேர்த் திருவிழா பார்ப்பதுதான் இது. அந்தக் கதவிடுக்கை எங்கே வைப்பது என்பதை மனிதர்கள் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். எந்தக் கரும்புள்ளிக் கூட்டம் வெடிக்கும்போல இருக்கிறதோ, அங்கே. அப்படியானால் மாடல் பார்க்கும் டேட்டாவே ஏற்கெனவே ஒரு மனிதக் கணிப்பு. போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்ப்பது, பிளவை நிறுத்திவைப்பதா நகர்த்துவதா என்பதெல்லாம் மாறும். வெடிப்பை எதிர்பார்த்து எடுத்த நாட்களின் அமைப்பு வேறாக இருந்தால், கவனமில்லாதவன் கையில் நெட்வொர்க் சூரியனைக் கற்காமல், அந்தத் திட்டம் போட்டவரின் மனதைக் கற்றுக்கொள்ளும். அதற்கும் 95 வரும்!

‘எப்படியோ கணித்தால் சரி, ஏன் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது’ என்று ஒரு வாதம் உண்டு. மொழி மாடல்கள் வந்த பிறகு இதுவே நவீனமான நிலைப்பாடு ஆகிவிட்டது. கோடிக்கணக்கான உதாரணங்கள் இருக்கும் இடத்தில் அது ஓடலாம். ஐரிஸின் பிளவு சரியான இடத்தில் இருக்க, சரியான நேரத்தில் நடந்த பெரிய வெடிப்புகள் எத்தனை? 2018ல் இதே அணியினர் வெடிப்பு நிறமாலைகளைத் தானாக வகைபிரித்தபோது அவர்கள் கையில் இருந்தவை 33 வெடிப்புகள். நிறமாலைகள் லட்சக்கணக்கில், ஆனால் வெடிப்பு 33. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் ‘ஏன்’ என்ற கேள்வியை விட்டுவிட்டால், கையில் மிஞ்சுவது அந்த 33ஐ மனப்பாடம் செய்த ஒரு கிளி.

ஆகவே இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். இன்னொரு கண் வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட பிளவுகளோடு ஒரே சமயத்தில் நிறமாலை எடுக்கும் மியூஸ் என்ற திட்டத்தை நாசா 2022ல் தேர்வு செய்தது. அது மெக்னீசியத்தைப் பார்க்காது, இன்னும் சூடான கொரோனாவைப் பார்க்கும். ஆனாலும் ஒரு கதவிடுக்குக்குப் பதில் ஒரு ஜன்னல் கம்பி வரிசை. பணத்தைக் கொட்டவேண்டிய இடம் இது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பரில் கிளம்பி 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்தது. அதிலிருக்கும் ‘சூட்’ தொலைநோக்கி இதே மெக்னீசியம் கே, ஹெச் கோடுகளுக்குத் தனித்தனி வடிகட்டி வைத்து முழு வட்டத்தையும் படமெடுக்கக்கூடியது. ஐரிஸுக்கு ஆழம் உண்டு, பரப்பு இல்லை. சூட்டுக்குப் பரப்பு உண்டு, ஆழம் இல்லை. வடிகட்டி வழியே வருவது அந்த அலைநீளத்தின் மொத்தப் பிரகாசம்தான், திமில் ஒன்றா இரண்டா என்று அதில் தெரியாது. பிரகாசத்தை மட்டும் நம்பக்கூடாது என்று 2023 ஆய்வு எச்சரித்தது வேறு ஞாபகம் இருக்கிறது.

இரண்டும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்த தருணங்களைத் தேடி எடுத்து, பிக்சலுக்குப் பிக்சல் பொருத்தி, நிறமாலையின் வடிவத்தில் எவ்வளவு அந்த வடிகட்டிப் படத்துக்குள் தப்பிப் பிழைக்கிறது என்று பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் கடிகாரங்களையும் கோணங்களையும் சரிபார்க்கும் சலிப்பான வேலை. போஸ்ட் போட ஒரு சதவீதம்கூடக் கிடைக்காது. ஒன்றுமே தப்பிப் பிழைக்கவில்லை என்றும் பதில் வரலாம். இரண்டு விண்கலங்களின் தரவும் பொதுவில் கிடக்கிறது, இலவசம்.